கெட்டி ஆயில்

மச்சானுக்கு,

லாரிக்கு நீ பார்த்து வைத்திருக்கும் ஆளிடம், விற்பதாக இல்லை என்று சொல்லிவிடு.

போன வாரம் என்ஜின் ஆயிலை இறக்கினேன். பாகு மாதிரி இழுபட்டது. பேரிங் தேய்ந்து தட்டுகிற சத்தம் வாங்குகிறவன் காதில் விழக் கூடாதென்று கெட்டி ஆயிலை ஊற்றி அமுக்கியிருக்கிறாய். பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது என்ஜின் இறுகிப்போனால், அவன் வீட்டிலும் ஒருத்தி என்னைப் போல மூலையில் உட்கார வேண்டுமா? உன் அக்கா ஓட்டிச் சம்பாதித்த வண்டியடா அது.

உனக்கு எந்தச் சத்தமும் ஆகாது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலைக் கொண்டுவந்த அன்று, கதறிய என் வாயை வாசலிலேயே பொத்தினாய். "சத்தம் போடாதீங்க மாமா, நாலு பேர் பாக்குறாங்க."

"பாத்துட்டுப் போகட்டும்டா" என்று சொல்லக்கூட அன்று எனக்குத் தெம்பில்லை.

என்ஜினைப் பிரித்து, பேரிங்குகளை மாற்றி, டீசல் டேங்கின் அடியில் கிடந்த சேற்றையும் கழுவிவிட்டேன். இப்போது அது போட வேண்டிய சத்தத்தைத்தான் போடுகிறது. திங்கட்கிழமை சிமெண்ட் லோடு ஏற்றுகிறேன். சாவி கேட்டு இனி வராதே.

டிரைவர் சீட் மட்டும் அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளிவைத்தபடியே இருக்கிறது. என் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஒரு நெம்பு நெம்பினால் பின்னால் போய்விடும்.

இடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்