மூன்றரைப் பவுன் அம்பு

என் அக்காவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதே. நீ இருக்கும் இடத்தில் அப்புச்சியும் இருந்தால் அவருக்குக்கூட வேண்டாம். அம்மாவைப் பெற்றவர் ஆயிற்றே, எப்படியாவது அம்மாவின் கனவில் வந்து சொல்லிவிடுவார்.

உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த அறையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். கதவுக்கு அடியில் வெளிச்சம் போகாமல் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். விளக்குக் கம்பியில் அப்பாவின் பழைய தராசு தொங்குகிறது. நினைவிருக்கிறதா? மரச் சட்டமும் நூலும் இரண்டு நெய்க் கிண்ணங்களும். ஒரு கிண்ணத்தின் மேல் குறுக்காக ஓர் அம்பு. இன்னொன்றில் தங்கக் காசுகள். உன் கல்யாணத்துக்கு என்று ஒவ்வொரு முறை கோயமுத்தூர் போகும்போதும் அம்மா வாங்கிச் சேர்த்த காசுகள். அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்து வந்திருக்கிறேன்.

நாளை சனிக்கிழமை. அப்பாவும் நானும் மான் வேட்டைக்குப் போகிறோம்.

ஆமாம், அப்பாதான். நீ போன பிறகு வில்லைத் தொடாத அப்பா. ஆபீஸ் விட்டு வந்தால் சோபா, டிவி, தூக்கம் என்று இருந்த அப்பா. வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்று அவர் ஆபீசில் ராத்திரி பகலாக வேலை. அதுவே நல்லதாயிற்று என்று அம்மா சொல்வாள். ஆவணியில் உன் வருஷத் திதி முடிந்தது. புரட்டாசி வந்தது. இந்த நாட்டில் வில் வேட்டை சீசன் திறந்தும் நம் வீட்டில் வழக்கம்போல யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் சாமி மான்களுக்கு இரண்டு வாரம் லீவு கொடுத்துவிட்டாரா என்று மிஸ்டர் கார்ல் வருஷா வருஷம் கேட்பாரே, இந்த வருஷமும் அப்பாவிடம் போனில் கேட்டார். மேற்கே மலைப்பக்கம் நாம் வேட்டைக்குப் போகும் அவருடைய நிலம் அப்படியே இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் வருகிறோம் என்று அப்பா சொன்னார். நான் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை.

அம்மா தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க. அந்த சோபா குழிஞ்சே போச்சு," என்றாள். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கராஜிலிருந்து விசில் சத்தம் கேட்டது. அப்பா விசிலடித்து எத்தனை நாளாயிற்று! எட்டிப் பார்த்தேன். உன் அம்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, இறகுகளைக் கெட்டில் ஆவியில் காட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். உன் வில் கராஜ் சூட்டில் முறுக்கிக்கொண்டுவிட்டது, அக்கா. இனி அதில் நாண் பூட்ட முடியாது. அம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவற்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"இந்தா பாப்பா. இந்த வருஷம் இதை எடுத்துட்டுப் போலாம்."

பாப்பா. அது உன் பெயர். என்னை அவர் அம்மிணி என்றுதானே கூப்பிடுவார்? தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் திருத்தவில்லை. வாங்கிக்கொண்டேன்.

என் வில்லில் பூட்டி வைக்கோல் கட்டை நோக்கி விட்டேன். முதல் அம்பு மீன் வாலை ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே போய் இடப்பக்க ஓரத்தில் குத்தியது. அடுத்தது இன்னும் கீழே. மூன்றாவது வேலிப் பலகையில். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"கை இன்னும் வரலை. பழகிரும்," என்றார் அப்பா.

அக்கா, அதைச் சொன்னது அப்பாவா? சாப்பாட்டு மேசையில் இந்தத் தராசைத் தொங்கவிட்டு நம் இரண்டு பேருக்கும் மணிக்கணக்கில் பாடம் நடத்தியவர் அவர். இங்கே எல்லாரும் அம்பைக் கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள், நம் வீட்டுக்குப் பவுன் கணக்குதான் சரிப்படும் என்று அம்மாவின் காசுகளை வாங்கிக் கிண்ணத்தில் போட்டவர்.

"ஏனுங்க, பவுன் போட்டு எடை பாக்கறீங்களே, அம்புக்குக் காது குத்தப் போறீங்களா?" என்று அம்மா கேட்டாள். நீ சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது.

உன் அம்பு ஐந்து பவுன். என்னுடையது இரண்டரை. "உன்னுது அம்பாடி? ஊதுபத்தி," என்பாய். "உன்னுது உலக்கை," என்பேன். லேசான அம்பு சீறிக்கொண்டு நேராகப் போகும், தூரத்தைத் தப்பாக நினைத்தாலும் பட்டுவிடும் என்பது என் கட்சி. கனமான அம்பு மெதுவாகத்தான் போகும், சீக்கிரம் தாழ்ந்துவிடும், ஆனால் பட்டால் நிற்காமல் உள்ளே போகும் என்பது உன் கட்சி. "அப்ப தூரம்?" என்று கேட்டால், "கிட்டப் போடி. சோம்பேறி," என்பாய்.

அப்பா இரண்டு பேரையும் அடக்குவார். "சும்மா இருங்க ரெண்டு பேரும். மான் கிட்ட பாதி மார்க்கு, பார்ஷியல் கிரெடிட் எல்லாம் கெடையாது. முழுசா உள்ள போகோணும். இல்லீன்னா விடவே கூடாது."

அந்த அப்பாதான் வேலிப் பலகையில் குத்தி நின்ற அம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பழகிரும் என்கிறார்.

இது பழகுகிற விஷயம் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உன் அம்பு தடித்த மரம். உன் வில் தள்ளும் வேகத்தில் அது கொஞ்சம் வளைந்து, நிமிர்ந்து, நேராகப் போகும். என் வில் இளசு. என் கையும் நீளம் குறைவு. அது தள்ளினால் உன் அம்பு வளையாமல் விறைத்துக்கொண்டு ஒதுங்குகிறது. நீளத்தை வெட்டிப் பார்க்கலாமா என்றால், வெட்ட வெட்ட இன்னும் விறைக்கும். உன் பாவாடை, உன் சைக்கிள், உன் கால்குலேட்டர் எல்லாம் எனக்குத்தான் வந்தன. பாவாடையைப் பிடித்துத் தைத்தோம். சைக்கிள் சீட்டை இறக்கினோம். அம்பை என்ன செய்வது?

என் ஊதுபத்திகளையே எடுத்துப் போகலாமே என்று நீ கேட்பாய். அவை வைக்கோலில் நடுவில்தான் குத்துகின்றன. ஆனால் அவற்றை விடும்போது வில் கையில் அதிர்ந்து சத்தம் போடுகிறது. அம்பு வாங்கிக்கொள்ளாத வேகமெல்லாம் வில்லிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மான் திரும்பிவிட்டால்? தோள் எலும்பில் பட்டுப் பாதியில் நின்றுவிட்டால்? அம்பைச் சுமந்துகொண்டு அது காடெல்லாம் ஓடுமே. ஒரு வாரமாகக் கண்ணை மூடினால் அந்த மான்தான் ஓடுகிறது.

உன் மானை நினைத்துக்கொள்கிறேன். நானும் அப்பாவும் உனக்குப் பின்னால் ஜூனிபர் புதருக்குள் இருந்தோம். நீ விட்டது எனக்குக் கேட்கவே இல்லை. அம்பு மானுக்குள் புகுந்து வெளியேறி அந்தப் பக்கம் மண்ணில் நின்றுகொண்டிருந்தது. மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடியும் புல்லில் வாய் வைத்தது. நாலு எட்டு நடந்தது. தூக்கம் வந்ததுபோல மடங்கி உட்கார்ந்தது. வரும் வழி முழுக்க மிஸ்டர் கார்லின் டிரக்கில் நீ அழுதாய். "அதுக்குத் தெரியவே இல்லடி. அது போதும்," என்று அழுதுகொண்டே சொன்னாய். மறுநாள் அம்மா சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு உப்புக்கறி செய்தாள். நீதான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாய்.

அன்று ஃப்ரீவே விபத்தில் உனக்கும் அப்படித்தான் இருந்ததா, அக்கா? தெரியாமலே போய்விட்டதா? நான் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

சரி, மூக்கைத் துடைத்துவிட்டேன். மேலே சொல்கிறேன்.

மிஸ்டர் கார்லுக்குப் போன் செய்து என் வில்லுக்குப் பொருந்தும் மூன்று அம்புத் தண்டுகள் கேட்டேன். உன் அப்பாவுக்குத் தெரியுமா என்றார். இன்னும் இல்லை என்றேன். மறுநாள் ஸ்கூல் விட்டு வந்தால் வாசலில் நீளமான அட்டைப்பெட்டி. தண்டுகளோடு வேட்டைக்கான முனைகளும் வைத்திருந்தார். முனை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு பவுன். அப்பா ஆபீசில் இருக்கும் மாலை நேரங்களில் நானே இறகு ஒட்டினேன். ஒன்றில் கோணலாகி, பிய்த்து மறுபடி ஒட்டினேன். முதலில் அதே எடையுள்ள மொட்டை முனையைப் போட்டு வைக்கோலில் விட்டுப் பார்த்தேன். வால் ஆடவில்லை, அக்கா. வில்லும் பேசாமல் இருந்தது. கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது. கிட்டப் போனால் சரியாகிவிடும். சிரிக்காதே, நீ சொன்னதுதான்.

இன்று வேட்டை முனைகளைப் பொருத்தினேன். மூன்றும் ஒரே எடையா என்று பார்க்கத்தான் காசுகளை எடுத்தேன். மூன்று பவுனும் ஓர் அரைப் பவுன் காசும். முதல் இரண்டும் சரியாக நின்றன. மூன்றாவது ஒரு துளி கனம். உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தேன்.

அப்புறம் உன் அம்பையும் ஒரு முறை வைத்துப் பார்த்தேன். எல்லாக் காசையும் போட்ட பிறகுதான் சட்டம் மட்டமாயிற்று. அதை எடுத்துவிட்டு மறுபடி என்னுடையதை வைத்தேன். இப்போது ஒன்றரைப் பவுன் மேசை மேல் மீதி கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திதி முடிந்த அன்று அம்மா இந்தக் காசுகளைக் காட்டி, "இதெல்லாம் இனி உனக்குத்தான் சாமி," என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அறை, உன் மேசை, உன் காசு, இப்போது உன் பெயர். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அப்பா பாப்பா என்றபோது எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடி நீ பின்கட்டில் நின்றாய். அதனால்தான் திருத்தவில்லை. அதனால்தான் இவ்வளவு பயமும். இந்த அம்பு எனக்கு ஆகாது என்று சொன்னால், உன்னை இரண்டாம் தடவை அவரிடமிருந்து பிடுங்குவதுபோல ஆகாதா? விசில் நின்றுவிட்டால்? மறுபடி அந்த சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டால்?

ஒரு குறுக்கு வழியும் யோசித்தேன். உன் அம்புகளையே எடுத்துக்கொண்டு போய், விடாமலே திரும்பிவிடலாம். மான் கிட்ட வரவில்லை என்று சொல்லிவிடலாம். அப்பா நம்பிவிடுவார். அடுத்த வருஷமும் துடைத்து ஆவி காட்டித் தருவார். அதற்கடுத்த வருஷமும். எத்தனை வருஷத்துக்கு நான் நீயாக இருந்துகொண்டு மானே வரவில்லை என்று சொல்வது? ஒரு நாள் நிஜமாகவே கிட்ட வந்து நிற்கும். அப்பா பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். அப்போது நான் விட்டுவிடுவேன், அக்கா. என்னை எனக்குத் தெரியும். அவருக்காக விட்டுவிடுவேன். அந்த மான் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை வண்டி ஏறும் முன் அப்பாவிடம் சொல்வேன். "அப்பா, இது பாப்பாவோட அம்புங்க. எனக்கு மூணரைப் பவுன்தான். பாத்துச் சொல்லுங்க," என்பேன். உன் அம்புகள் வீட்டிலேயே இருக்கும். யாரும் வெட்ட மாட்டார்கள், யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கிட்டப் போவேன். முழுசாக உள்ளே போகும் என்று தெரிந்தால் மட்டும் விடுவேன். அதற்குத் தெரியவே கூடாது. அப்படி அமையாவிட்டால் வெறுங்கையோடு வருவேன். வரும் வழியில்

தட்டுகிறார்கள்.

அப்பாதான். துண்டைத் தாண்டியும் வெளிச்சம் போயிருக்கிறது. "பாப்பா, இன்னும் தூங்கலையா? அம்பெல்லாம் எடுத்து வெச்சுட்டியா?"

ஒளித்துவிடலாம் என்று காசை அள்ளினேன். இல்லை, மேசையிலேயே திரும்பக் கொட்டிவிட்டேன். தராசு அப்படியே தொங்கட்டும். உன் அம்பும் என் அம்பும் அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும். நாளைக்கு என்று சொன்னேனே, அது இப்போதே. கதவைத் திறக்கப் போகிறேன்.

உன் தங்கச்சி,
அம்மிணி