குரங்கின் உதட்டுப் புண்

1936, புரட்டாசிச் சனி இரவு, பிரிக்பீல்ட்ஸ்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வீராசாமி அண்ணன், சனிதோறும் ஒரு கிழக்குரங்கை ஆஞ்சநேயராகவே நினைத்து அதற்குத் தன் கையாலேயே வாழைப்பழம் ஊட்டுவார். போன சனிக்கிழமை அது அவர் விரலைக் கடித்துவிட்டது. காயத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, “தொரைகிட்ட சொல்லிடாதடா. அதச் சுட்டுப்புடுவாரு. சாமிடா அது,” என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை அவருக்குக் கை மரத்துவிட்டது. மதியம் காலும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபின்தான், கூடத்தை நடத்தும் வெள்ளைக்கார டாக்டர் துரையிடம் சொன்னேன். அவர் கூண்டருகே போய்ப் பார்த்தார். குரங்கின் உதட்டில் நாலைந்து கொப்புளங்கள், நமக்குக் காய்ச்சலில் வருவது போல. குரங்குக்கு இது ஒன்றும் செய்யாது, மனிதனுக்குள் போனால் நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்கு ஏறிவிடும் என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். அவர் கை கழுவப் போனார்.

சாயங்காலம் அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “சாமிக்குப் பழம் குடுத்தியா?”

“குடுத்தேண்ணே.”

பொய் இல்லை. காலையில் அவருக்குப் பதிலாக நான்தான் ஊட்டினேன். என் கட்டை விரலில் சின்னதாக ஒரு பல் பட்டிருக்கிறது.