ஆவணி ஞாயிற்றில் ஆடாத ஆட்டம்

பக்கத்து வீட்டுக்காரர் இன்று பின்வளவில் மாட்டிறைச்சி சுடுகிறார். புகை குசினி யன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. சாத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒருகாலம் உங்கள் மேல் இருந்த கோபமும் உங்களுக்காக வந்த கோபமும் ஒன்றாகக் கிளம்பின.

எழுபதுகளில் உங்களைக் கல்யாணம் செய்து நான் சிட்னிக்கு வந்தபோது, ரக்பி விளையாடிச் சம்பளம் வாங்கிய தமிழர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். வாரநாளில் லிட்கம் பக்கம் தொழிற்சாலை வேலை, ஞாயிறு மைதானம். ஓரத்தில் உங்கள் கைக்குப் பந்து வந்தால் ஒருவராலும் பிடிக்க முடியாது. எங்கள் ஆட்களோ, "படிச்ச பெடியன் கூலிக்குப் பந்து விளையாடுறான்" என்று முகம் சுளித்தார்கள். நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆட்டத்துக்கு முன் எல்லோரும் மாட்டிறைச்சி சாப்பிட வேண்டும் என்பது பயிற்சியாளரின் சட்டம். கோயில் பக்கமே போகாத உங்களுக்கும் மாடு மட்டும் தொண்டையில் இறங்காது. உங்கள் துண்டு சத்தமில்லாமல் பக்கத்துத் தட்டுக்குப் போய்விடும். அரையிறுதி ஆட்டத்தன்று அவர் அதைக் கண்டுவிட்டார்.

அன்று ஆவணி ஞாயிறு. விரதச் சமையலை முடித்து நிமிர்ந்தால் வாசலில் நீங்கள்.

"என்னப்பா, மட்ச் இல்லையே?"

"மட்ச் இருக்கு. நான்தான் இல்லை. திண்டாத்தான் இறங்கலாமாம்."

"ஒரு வாய் வைச்சிட்டுப் போயிருக்கலாமே. உங்களுக்கென்ன, சாமிக்குப் பயமே?"

"சாமிக்கில்லை. எல்லாருக்கும் முன்னால தட்டைத் தள்ளி, நாய்க்குச் சொல்லுற மாதிரி 'தின்' எண்டான். பசியில செத்தாலும் திண்டிருக்க மாட்டன்."

சோறு போடச் சொன்னீர்கள். அங்கே ஆட்டம் தொடங்கியிருக்கும். நான் அழுதுகொண்டிருந்தேன்; நீங்கள் பருப்புக்கறி நல்லாயிருக்கு என்று இன்னொரு தரம் வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

பயிற்சியாளரிடம் மன்னிப்புக் கேட்டால் அடுத்த பருவம் சேர்ப்பார் என்று உங்களோடு ஆடியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னார். "நான் ஏன் கேக்கோணும்?" என்றீர்கள். அதோடு பெரிய ஆட்டம் முடிந்தது. பிறகு தலை நரைக்கும்வரை சின்னக் கழகங்களில் ஓடினீர்கள். அந்த வேகத்தை வீணாக்கிவிட்டீர்களே என்று வருஷக்கணக்காக நான் மனதுக்குள் பொருமினேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

போன மாதம் அந்தப் பழைய கழகத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். முந்தைய வீரர்களின் படங்களைச் சுவரில் மாட்டுகிறார்களாம், உங்களுடையதும் வேண்டுமாம். கீழே என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். முழங்கால் காயத்தால் விலகினார் என்றார். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். நடந்ததைச் சொன்னேன். அதையெல்லாம் எழுதினால் நன்றாயிராது என்று நெளிந்தார். அப்படியானால் படமும் இல்லை என்று கதவைத் திறந்துவிட்டேன்.

படம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. பார்க்க வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: அவருடைய முழங்கால்கள் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தன.