சும்மா நின்ற கண்ணாடி

அனுப்புநர்:
சோதனை அறை ஊழியரின் மனைவி (தையற்காரி),
தொழிற்சாலைக் குடியிருப்பு, கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு தலைமை ஆய்வாளர் அவர்கள்,
வெடிபொருள் பாதுகாப்புத் துறை.

பொருள்: சோதனை அறையின் தடுப்புக் கண்ணாடியைக் காவல் நிலையத்திலிருந்து மீட்டுத் தரவும், அதுவரை சோதனையை நிறுத்தவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சட்டென்று பற்றும் மருந்துப் பொடியில் ஒரு சிட்டிகை வைத்து, அதன்மேல் இரும்புக் குண்டை விழவிட்டு, எந்த அடிக்கு அது கோபித்துக்கொள்கிறது என்று பார்ப்பது என் கணவரின் பணி. கோபக்காரர்களுடன் பழகும் பயிற்சி அவருக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. பொடிக்கும் அவர் முகத்துக்கும் நடுவே தடித்த கண்ணாடி ஒன்று நின்றது. புதிதாக வந்த மேலாளர், தம் மேசைக்கு அது கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டறிந்தார். அதனடியில் அவருடைய குடும்பப் படங்கள் மிகப் பாதுகாப்பாக இருந்தன. கேட்கப்போன என் கணவரிடம், "அது அங்க சும்மாதானேப்பா நின்னுட்டிருந்துச்சு" என்றார். சும்மா நிற்பதுதான் அதன் வேலை என்பது அவருக்கு எட்டவில்லை.

3. பின்னர் தங்கள் துறை ஆய்வாளர் வருகை தந்தார். மேலாளர் அறையை அவர் தாண்டவில்லை. அதே கண்ணாடியின்மேல் டீத் தம்ளரை வைத்துவிட்டு, 'தடுப்புக் கண்ணாடி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் எழுதியது பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

4. அடுத்த வாரமே பொடி கோபித்துக்கொண்டது. என் கணவரின் இரு புருவங்களும் போயின. வலது காது கேட்கவில்லை. இத்தனை வருடம் நான் கூப்பிட்டால் கேட்காததுபோல் நடித்தவருக்கு இனி அந்தச் சிரமம் இல்லை. அந்த நொடியில் தும்மல் வந்து முகத்தைத் திருப்பியதால் கண்கள் தப்பின. துறையின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் தும்மலும் சேர்த்தியா என்று அறிய விரும்புகிறேன். எங்கள் சின்னவள் அவர் முகத்தைப் பார்த்து, யாரோ என்று என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

5. மறுநாள் மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில், நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் அறைக்குச் சென்றோம். படங்களைப் பத்திரமாக நாற்காலியில் அடுக்கிவிட்டு, கண்ணாடியைத் தூக்கிச்சென்று சோதனை அறையில் அதன் இடத்திலேயே நிறுத்தினோம். தூக்கும்போது, இது திருட்டாகாதா என்று கேட்டேன். "இருந்த எடத்துல வைக்கிறதுக்குப் பேரு திருட்டாடி? புடி கெட்டியா" என்றார் அக்கா. திருட்டு என்றே மேலாளர் புகார் கொடுத்தார். காவலர்கள் வந்து, களவுபோன பொருளை அதன் சொந்த இடத்திலிருந்தே கைப்பற்றிச் சென்றார்கள். வழக்கு முடியும்வரை தர இயலாதாம்.

6. இதற்கிடையே இன்று காலை, என் கணவரை வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். போகவேண்டாம் என்றேன். "நான் போகலன்னா வேற எவனையாவது உக்கார வைப்பாங்க. அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்ல" என்று சட்டையை மாட்டினார். அதற்குமேல் வாதாடாமல், அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

7. ஆகவே, கண்ணாடியை மீட்டுத் தருமாறும், அதுவரை சோதனையை நிறுத்த ஆணையிடுமாறும் வேண்டுகிறேன். ஆணை வரச் சற்றுத் தாமதமானாலும் பாதகமில்லை. சோதனை அறைக்கு ஒரே வாசல், அதுவும் குறுகியது. நானும் அக்காவும் அதில் உட்கார்ந்திருக்கிறோம். இருவரில் யாரும் ஒல்லியில்லை.

இடம்: சோதனை அறை வாசற்படி
தேதி: இன்று, காலைச் சங்கு ஊதுமுன்

இப்படிக்கு,
(ஒப்பம்) தையற்காரி
உடன் அமர்ந்திருப்பவர்: பக்கத்து வீட்டு அக்கா