சற்றுக் காத்திறுக்கவும்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். மின்னஞ்சலை நீங்கள் திறந்தே பார்ப்பதில்லை, அதனால் தாளில் எழுதுகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக் கணினி விஷயம்தான். அண்ணன் போட்டுக் கொடுத்த ஆமை இனி வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் எத்தனையோ வகை இருக்க, சின்னத்தில் ஆமை இருக்கிறது என்று அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அதைத் தமிழாக்க அவர் ஒருவர்தான் இருந்தார். அவர் நம்மை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. அடுத்த பதிப்பு பாதி ஆங்கிலத்தில் வந்து நிற்கும். கண்ணாடி பவரைப் பதிவதற்குள் உங்களுக்குத் தலை சுற்றும்.

கொக்குச் சின்னம் போட்ட எங்கள் லினக்ஸுக்கு மாறுங்கள். தமிழுக்கு மட்டும் நாற்பது பேர் இருக்கிறோம், கேட்டால் பத்து நிமிடத்தில் பதில். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு மதியம் வந்து மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் வந்தது, ஆமைக்கான திட்டும் வந்து சேர்ந்தது. வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நானும் தாளில்தான் எழுதுகிறேன். கணினியைப் பற்றி அதிலேயே எழுதினால் அது படித்துவிடும்போல ஒரு கூச்சம்.

நீங்கள் சொன்னதற்காக ஆமை, கொக்கு இரண்டு கூட்டத்தின் இணையப் பக்கத்திலும் ஒரே கேள்வி கேட்டேன். பிரிண்டர் ஏன் பாதிச் சீட்டில் நின்றுவிடுகிறது? கொக்குக்காரர்கள் ஒன்பது பேர் ஓடி வந்தார்கள். ஒன்பது பேரும், "அழிச்சிட்டுப் புதுசா போட்டுடுங்க" என்றார்கள். ஆமைக்காரர் ஒருவர் இரண்டு நாள் கழித்து வந்து, "கேக்குறதுக்கு முன்னாடி தேடிப் பாத்தீங்களா?" என்று கடிந்துகொண்டார். அப்புறம் கூடவே இருந்து, சீட்டு முழுதாக வெளியே வந்த பிறகுதான் போனார். எனக்கு அந்தச் சிடுமூஞ்சியைத்தான் பிடித்தது. உங்கள் அண்ணன் ஜாடை.

புதிய பதிப்பைப் போட்டுவிட்டேன். ஒரு வரிகூட ஆங்கிலத்தில் இல்லை. 'திறை பூட்டப்பட்டது', 'சற்றுக் காத்திறுக்கவும்' என்று அதே ர, ற தகராறு! அவர் இல்லாத குறை தெரியக்கூடாது என்று அவர் பிழையைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்களே. கடையில் ஆள் இருந்ததால் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன். அணைக்கும் பொத்தானில் 'போய் வருகிறேன்' என்று அவர் வைத்ததையும் மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். "மெஷினா இருந்தாலும் போறேன்னு சொல்லக் கூடாது" என்பாரே. நன்றி, தம்பி.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

நான் எழுதவில்லை. ஆமையைத் தொட்டே நான்கு வருடமாகிறது.

நீங்கள்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்து, மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியவர் பெயர் இருக்கும். எல்லாம் அண்ணன் கணக்கு. அவர் போன பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். எல்லாமே மதியம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். உங்களுக்குக் கடவுச்சொல் தெரியும் என்றால் சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டேன். இல்லையென்றால் யாரோ உள்ளே புகுந்து விளையாடுகிறார்கள். கணக்கைப் பூட்டச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். அவர் எழுதுவார், நான் திருத்துவேன். எழுதியவர் ஏற்றால்தான் திருத்தம் செல்லும். அவர் பக்கத்தில் 'சறி' என்று போட்டு ஏற்றுக்கொள்வார். அதையும் தப்பாகத்தான் எழுதுவார். கொக்குக்குப் போன அன்று எல்லாரும் பார்க்க எழுதினேன், 'ர, ற தெரியாதவரோடு இனி ஒத்துவராது' என்று. அவர் பதிலே எழுதவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது, அண்ணி. கேட்கவில்லை. வீம்பு.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

அவர்மேல் ஆணையாக நானில்லை. கடவுச்சொல் எனக்கு எப்போதுமே தெரியாது.

இரண்டரைக்கு நான் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவேன். மெஷினை அணைத்துத் துணி போர்த்திவிட்டுத்தான் போவேன். நேற்றுப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு எதுவும் எரியவில்லை, சத்தம் எதுவும் இல்லை. மூன்று மணிக்குத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை.

பூட்டச் சொல்லாதீர்கள். இவ்வளவு பிழையையும் எழுதி வைத்துவிட்டு அவர் யாருக்காகக் காத்திருப்பார்? திருத்துவது உங்கள் வேலைதானே?

அன்புடன்,
அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

திருத்தினேன்.

அலுவலகத்தில் மதியம் இரண்டரைக்கு உட்கார்ந்தேன். முதலில் 'காத்திருக்கவும்'. அனுப்பிவிட்டுக் கையைக்கூட எடுக்கவில்லை, பக்கத்தில் 'சறி' என்று வந்துவிட்டது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். இரண்டு வாரமாகத் தினமும் அந்த அரை மணி நேரம். இருநூற்றுப் பதினொரு திருத்தத்துக்கும் 'சறி'.

நேற்றுக் கடைசி வரி. அதற்கான குறிப்பில், 'அண்ணா, மன்னிச்சிடு' என்று எழுதினேன். அன்றைக்கு மட்டும் பதில் உடனே வரவில்லை. மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தது.

'சரி.'

இந்த ர சரியாக இருந்தது, அண்ணி. நான் அழுததைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர், "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார். அந்தச் சொல்லையே அவரும் சொன்னார்.

கொக்குக்காரர்களிடம் சொல்லிவிட்டேன், இனி நான் ஆமைப் பக்கம்தான். திருத்திய பதிப்பு ஒரு வாரத்தில் வரும். போட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

போட்டேன். 'திரை', 'காத்திருக்கவும்' எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. தேடிப் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. நீங்கள் திருத்தி முடித்த பிறகு துணியும் ஜில்லென்றுதான் இருந்தது.

போட்ட அன்று சாயங்காலம் கடையை மூடும்போது மெஷினை அணைக்கப் போனேன். பொத்தானில் 'போகிறேன்' என்று இருந்தது.

நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள், தெரியும். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். பிழை எதுவும் இல்லை. அதனால் திருத்தச் சொல்லவும் வழியில்லை.

ஐந்து நாளாக மெஷினை அணைக்கவில்லை. மதியம் துணியும் போர்த்துவதில்லை. கண் பவர் பார்க்க வருகிறவர்கள், "என்னம்மா, ராத்திரியும் கடைக்குள்ள வெளிச்சம் தெரியுதே?" என்கிறார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று தூக்கம் வருவதில்லை.

வரும்போது உங்கள் கொக்கையே எடுத்து வாருங்கள். நான் மாறிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். உங்களிடம் அவர் சொல்லிக்கொண்டு போகட்டும். என்னால் முடியாது, தம்பி.

அன்புடன்,
அண்ணி