மோரிஸ் மைனருக்கு ஓர் அடித்தகடு

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்,
15.4.1974

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

உயிர்த்த ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம், உன்னிடம் வாங்கிய மோரிஸ் மைனர் காரைத் தவிர. ஓய்வு பெற்று, கிள்ளானில் மூத்த மகள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கும் உனக்கு எங்கள் கம்பத்து மண்பாதை மறந்திருக்கும். மழை பெய்தால் பன்றிப் பண்ணைக் கழிவும் செம்மண்ணும் கலந்து வண்டியின் வயிற்றில் அப்பிக்கொள்கிறது. நேற்றுக் குனிந்து பார்த்துவிட்டு, ஈஸ்டர் விருந்தே வேண்டாம் என்றாகிவிட்டது. இது போதாதென்று கல் வேறு. என்ஜின் எண்ணெய் நிற்கும் தொட்டியில், அதுதான் சம்பில், ஒவ்வொரு கல்லும் டங்கென்று மோதுகிறது.

அடியில் ஒரு காப்புத் தகடு போடலாம் என்று தேக்காக் கடைத்தெருவில் விசாரித்தேன். ஒரு கடைக்காரன் பிஸ்கட் டின்னை வெட்டி நீட்டினது போல ஒன்றைக் காட்டி, இங்கிலாந்துச் சரக்கு என்றான். பொய் சொல்லும்போது அவன் முகம்கூடக் கோணவில்லை. அதைத் தொட்ட விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன். கடைசியில் இரண்டுதான் தேறின. ஒன்று முழுக்க மூடிய இரும்புத் தகடு, மற்றது வரிவரியாகத் துளை விட்டது. பத்து வருடம் ஓட்டியவன் நீ. எதை வாங்கச் சொல்கிறாயோ அதையே வாங்குகிறேன்.

நேற்றுப் பூசையில் என் மகள் உர்சுலாவுக்கும் உன் மகன் இயேசுதாசனுக்கும், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயரும் என் பெயரும் ஒரே மூச்சில் வந்ததைக் கேட்டு உர்சுலாவின் அம்மா அழுதுவிட்டாள். நானும்தான், யாரிடமும் சொல்லாதே.

உன்,
லாசரஸ்

கிள்ளான்,
18.4.1974

அன்பு லாசரஸ்,

உன் கடிதத்தைப் படித்து என் மகள் வீடே சிரித்தது. முதல் சந்திப்பில், கோயில் திருவிழா பிரியாணியை மூன்று தடவை முகர்ந்து பார்த்தவன்தானே நீ. முப்பது வருடமாகியும் உன் மூக்கு மாறவில்லை.

மூடிய இரும்புத் தகட்டையே வாங்கு. துளை வழியாகச் சகதிதான் ஏறும். முன்னிலிருந்து பின்வரை முழுசாக மூடிவிட வேண்டும். தேக்காவில் அப்துல் அலீம் பட்டறையில் கொடு. தகட்டை மட்டும் மாட்டச் சொல், வேறெதையும் தொட விடாதே. பழைய வண்டியின் அடியைச் சுரண்டினால் இல்லாத நோயெல்லாம் கண்டுபிடிப்பார்கள். என் கையில் இருந்தவரை ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகியதில்லை.

மாட்டி முடித்ததும் ஒரு வரி எழுதிப் போடு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுவேன்.

உன் கூட்டாளி,
ஆம்ப்ரோஸ்

புக்கிட் பாஞ்சாங்,
22.4.1974

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

நீ சொன்ன தகட்டையே வாங்கிவிட்டேன். நேற்று இரண்டாம் ஓலையும் ஆயிற்று. பூசை முடிந்து சாப்பிட வந்த இயேசுதாசனிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, சனிக்கிழமை பட்டறைக்குத் தானும் வருவதாகச் சொன்னான். மாமனார் மேல் இப்போதே இவ்வளவு கரிசனம்.

உன்,
லாசரஸ்

புக்கிட் பாஞ்சாங்,
28.4.1974

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று அலீம் பாய் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுத் தகட்டைக் கையில் எடுத்தார். உங்கள் மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினான்.

“மூடாதீங்க மாமா. சம்புல வெடிப்பு இருக்கு. போன வருஷம் உட்லண்ட்ஸ்ல அப்பா கல்லு மேல ஏத்திட்டாங்க. அப்பா சொல்லித்தான் நான் பசை வச்சு, மேல கறுப்பு பெயின்ட் அடிச்சேன். இத மூடிட்டா ஒழுகுறது தெரியாது. எண்ணெய் தீர்ந்து, ஓடிட்டு இருக்கிறப்பவே என்ஜின் இறுகிடும். உர்சுலாவும் இதுலதானே வர்றா.”

அலீம் பாய் சுரண்டினார். பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. உள்ளே பசை மஞ்சளாக, சீழ் பிடித்த புண்போல நசநசவென்று இருந்தது. விரலில் பட்டதை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆனால் அந்தப் பசையைத் தொடலாம், உங்கள் கடிதத்தைத்தான் தொட அருவருப்பாக இருக்கிறது. விற்கும்போது மறைத்ததை விற்கிறவன் புத்தி என்று விட்டிருப்பேன். நான் நம்பிக் கேட்டபோது, அந்த ஓட்டையை என் கையாலேயே மூட வைக்கப் பார்த்தீர்கள். வெடிப்பு என்று சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். உங்கள் வண்டி என்பதற்காகத்தானே வாங்கினேன்.

சம்பை மாற்றச் சொல்லிவிட்டேன். துளை விட்ட தகட்டையே போடுகிறார்கள்.

இன்று மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொன்னபோது எழுந்துவிடலாம் என்றே இருந்தது. எதிர் வரிசையில் உங்கள் மகன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பெற்ற அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு என் மகளைக் காப்பாற்றியவன். நான் எழவில்லை. கல்யாணம் நடக்கும்.

கோயில் வாசலில் உங்களுக்கு மாலை போடுவேன். விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். கேட்பவர்களிடம் நல்ல குடும்பம் என்றே சொல்வேன். முப்பது வருடம் உங்களுக்குக் கூட்டாளியாக இருந்த லாசரசை மட்டும் அந்தக் கூட்டத்தில் தேட வேண்டாம். ரயிலடிக்கு உங்கள் மகன் வருவான்.

இப்படிக்கு,
உர்சுலாவின் தகப்பன்