காற்றுப் போகாத பெட்டி

உப்புவெளி,
திருகோணமலை.
24.05.2025

அன்பு மகள் நிவேதிகாவுக்கு,

கோணேசர் புண்ணியத்தில் நானும் உன் சித்தியும் சுகம், நீயும் மருமகனும் பிள்ளைகள் இருவரும் அந்த ஒஸ்லோக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ அனுப்பின சாமான்களை வைத்துச் செய்த வீடியோ விளையாட்டுப் பெட்டி பழுதாய்ப் போய்விட்டது. இது இப்படித்தான் முடியும் என்று நான் முதல் நாளே சொன்னனான். சித்தி தங்கரத்தினம், நீங்கள் எப்ப சொன்னீங்கள் என்று கேட்கிறாள். அவளுக்கு ஞாபகமறதி, சொன்னாலும் மருந்து எடுக்கமாட்டாள்.

நீ பட்டன்களும் பிடியும் அந்தச் சின்னக் கொம்பியூட்டர் தகடும் வரைபடமும் அனுப்பி, பெட்டியை மட்டும் நீங்கள் அடியுங்கோ சித்தப்பா, அப்படியொன்று வீட்டில் நின்றால் பிள்ளைகள் ஒரு மாதம் முழுக்க நிற்பினம் என்று எழுதியிருந்தாய். போன முறை அங்கே என்ன இருக்கு என்று கேட்டு இரண்டும் வரமாட்டோம் என்று விட்டார்கள், நீ மட்டும் வந்து போனாய். உன் அப்பா போன பிறகு உன்னைத் தோளில் வைத்து வளர்த்த நான் உன் மூத்தவளைப் பதினொரு வருஷமாய் நேரில் காணவில்லை. அதனால் இந்தப் பெட்டி எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை மகள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் முப்பத்தைந்து வருஷமாய்ப் படகு கட்டுகிறவனுக்கு ஒரு பெட்டி அடிக்க வரைபடம் எதற்கு என்று அதைப் பிரிக்காமலே தொடங்கினேன். முதலில் பெட்டிக்குள் வைக்க வாங்கின ரீவியை அளக்காமல் அது வந்த மட்டைப் பெட்டியை அளந்து பலகை வெட்டிவிட்டேன், ரீவி உள்ளே போய் நாலு விரல் இடைவெளியில் ஆடிக்கொண்டு நின்றது. பிறகு பட்டன் தட்டை என் நெஞ்சு உயரத்துக்கு வைத்தேன், சித்தி வந்து பார்த்துவிட்டுப் பிள்ளையள் ஏணி வைச்சே விளையாடுறது என்று கேட்டாள், அதையும் வெட்டிக் குறைத்தேன். துறைமுகப் பக்கத்துப் பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் வாசலால் நுழையவில்லை, கதவு நிலையையே கழற்றினோம், இன்னும் திருப்பிப் பூட்டவில்லை, கோழிகள் குசினி அடுப்புவரை வந்து போகின்றன. ஆனால் வடிவு என்றால் அப்படியொரு வடிவு. ஏற்றிக்கொண்டு வரும் வழியில் கப்பல் கப்டன் ஒருவர் லொறியை மறித்து, சிங்கப்பூரிலும் இப்படியொரு வேலை கண்டதில்லை என்றார், எந்தப் பாஷையில் சொன்னார் என்று கேட்காதே.

வயர் வேலைக்குக் கிண்ணியா ஜவ்பரைக் கூப்பிட்டேன், பதினெட்டு வருஷமாய் என்னோடு படகுகளுக்கு வயர் பூட்டுகிறவன். வயரெல்லாம் சரியாய்த்தான் பூட்டினான். பிறகு உப்புக் காற்று உள்ளே போகக்கூடாது என்று படகுக்குச் செய்கிற மாதிரியே மூட்டு மூட்டாய்ப் பைபர் துணியும் பிசினும் வைத்து அடைத்து, பின்கதவுக்கு ரப்பர் பட்டியும் ஒட்டியாயிற்று. கடலில் விட்டால் மிதக்கும், அவ்வளவு இறுக்கம். ஓட்டை விடு, அவிஞ்சு போகும் என்று நான் சொல்லச் சொல்ல ஜவ்பர் கேட்கவில்லை. படம் வந்தது, பாட்டும் வந்தது, சித்தி கூட ஒரு ஆட்டம் ஆடினாள். நாற்பது நிமிஷத்தில் ஒரு கருகின மணம், படம் கோடு கோடாய்ப் போய் நின்றுவிட்டது. திறந்தால் பாண் சுடுகிற போறணை மாதிரிச் சூடு, தகடு தொட ஏலாது. அன்றைக்குத்தான் உன் வரைபடத்தைப் பிரித்தேன். கீழே காற்று நுழைய ஓட்டை, மேலே வெளியேற ஓட்டை, நடுவில் ஒரு சின்ன மின்விசிறி, எல்லாம் வடிவாய்க் கீறி வைத்திருக்கிறாய். படகில் ஓட்டை இருந்தால் குற்றம், இதில் இல்லாவிட்டால் குற்றம், இது என்ன நியாயமோ தெரியவில்லை.

ஜவ்பரின் பிழை என்று போனில் சொன்னேன், நீயும் கோபத்தில் அவனுக்குப் போன் எடுத்து, இத்தனை வருஷம் வயர் வேலை செய்யிற உங்களுக்கு இது தெரியாதா என்று கேட்டுவிட்டாய். அன்றிலிருந்து அவன் பட்டறைக்கு வரவில்லை. இரண்டு தரம் பாலம் கடந்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன்ர மனுசி அப்ரா கதவுக்குள் நின்றபடி அவர் இல்லை என்றாள், அவன்ர சைக்கிள் முற்றத்தில் நின்றது. ஓட்டைகளை நான் இப்போது துளைத்துவிட்டேன், வயரைத் திருப்பிப் பூட்டத்தான் ஆளில்லை. நிலாவெளியிலிருந்து கூப்பிட்ட வேறொரு வயர் வேலைக்காரன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பூட்டினவரையே கூப்பிடுங்கோ ஐயா, நான் தொட்டால் குழம்பும் என்று போய்விட்டான். நீங்கள் வர ஏழு கிழமைதான் கிடக்கிறது.

புதுத் தகடு இரண்டாய் அனுப்பு. பிள்ளைகளுக்கு இங்கத்தை வெயிலுக்குத் தொப்பி எடுத்து வை, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் நாலு பேரையும் பத்திரகாளி அம்மன் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள்.

இன்னொன்று எழுத வேண்டும், போனில் சொல்ல எனக்கு வாய் வராது. ஓட்டை விடச் சொன்னது நானில்லை, ஜவ்பர்தான். அண்ணன், இது படகில்லை, காத்துப் போக வேணும் என்று மூன்று தரம் சொன்னவன். உப்புக் காற்றைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதே என்று அவனை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பிசினை நானே பூசினேன். நீ ஏசும்போதுகூட அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடிதம் கிடைத்ததும் அவனுக்குப் போன் எடு. சித்தப்பா பொய் சொன்னவர் என்று அப்படியே சொல்லு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
க. அருளம்பலம்